டோல்கேட்டுக்கு ஒரு ரிங்

ஏழே காலுக்கு எங்கள் தெருமுனையிலிருந்து வேன் கிளம்பும். ஏழு இருபதுக்கு நான் முதல் போன் போடுவேன். ஐந்து நிமிஷத்தில் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் ஆகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறார். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வழியிலும் நின்று நின்று பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு, புத்தூர், வடமாலப்பேட்டை, டோல்கேட் எல்லாம் தாண்டி, ரேணிகுண்டாவில் ஒயர் செய்கிற ஒரு கம்பெனி வாசலில் எட்டரைக்கு இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே வழியாகத் திரும்ப வேண்டும். போகிற வழியெல்லாம் லாரி, திருப்பதிக்குப் போகிற கார், பஸ். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று பாதி தூரத்துக்குத் தோண்டியும் போட்டிருந்தார்கள்.

நான் பயந்த சுபாவம். ஏழாவதோடு படிப்பு நின்றதற்கே அதுதான் காரணம். எங்கள் ஊர் ஆந்திரப் பக்கம், அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏழாவது வரைதான். அதற்கு மேல் படிக்க புத்தூருக்கு பஸ்ஸில் போக வேண்டும், தெலுங்கில் படிக்க வேண்டும். தெலுங்கைப் பற்றி நான் கவலைப்படவில்லை, தெருவில் பாதிப் பேச்சு அதுதான். பஸ் கவிழ்ந்துவிட்டால் என்ன பண்ணுவது என்று நைனாவிடம் கேட்டேன். "அப்ப வூட்லயே இரு" என்றார். அவருக்கும் அது வசதியாக இருந்தது. நான் இருந்துவிட்டேன். இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். மூன்றாவது தடவை சரியாகப் பார்த்தேனா என்று நாலாவது தடவை போவேன்.

கல்யாணமான புதிதில் இவர் லாரி ஓட்டினார். போனால் திரும்ப மூன்று நாள் ஆகும். வீட்டில் போன் கிடையாது. யோசித்துப் பார்த்தால் அப்போது நான் இவ்வளவு பயப்படவில்லை. கேட்பதற்கு வழி இல்லாதபோது மனசு அதற்குத் தக்கபடி ஒரு மூலையில் கிடந்தது. கையில் போன் வந்த பிறகுதான் கேட்காமல் இருக்க முடியாமல் போய்விட்டது.

போட்டால் எடுப்பார். எடுக்காவிட்டால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"எங்க இருக்கிறீங்க?"

"ரோட்ல."

"ரோட்ல எங்க?"

"ரோட்டு மேல தாம்மே. கீழயா போவாங்க."

பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்கும். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பும், அதற்கு அடியில் ஓடுகிற இன்ஜின் சத்தமும் காதில் விழுந்தால்தான் நான் உலை வைப்பேன். பத்து நிமிஷம் போகும். மறுபடி போடுவேன்.

வண்டி ஓட்டும்போது போன் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கிறது, ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு எழுதியிருக்கிறது. எவனாவது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பைக்கில் போனால் நானே நின்று திட்டுவேன். ஆனால் என் போன் அந்தக் கணக்கில் வரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதானே நான் போடுகிறேன்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அதே வேனில்தான் வேலைக்குப் போகிறாள், டிரைவர் பக்கத்து சீட்டில். என் புலம்பல் தாங்காமல் அவள்தான் ஒரு நாள் என் போனிலும் அவர் போனிலும் என்னவோ செய்து, வேன் போகிற இடத்தை மேப்பில் ஒரு புள்ளியாகக் காட்டினாள். "இனிமே நீ போனே பண்ண வாணாம் அக்கா. இதையே பார்த்துகினு குந்திகினு இரு."

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் நன்றாக நகர்ந்தது. இரண்டாம் நாள் புத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் புள்ளி நின்றது. சரி, யாரையோ ஏற்றுகிறார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். படத்தை விரலால் பெரிதாக்கினேன். புள்ளி ரோட்டில் இல்லை. பக்கத்தில் நீல நிறமாக இருந்த ஏரிக்குள் இருந்தது.

பதினோரு தடவை போட்டேன். பத்து தடவை எடுக்கவில்லை.

பதினோராவது தடவை எடுத்தார். "இன்னாம்மே?"

"ஏரியில இருக்கிறீங்க."

"இன்னாது?"

"வேன் ஏரிக்குள்ள இருக்குது. போன்ல காட்டுது."

"நான் புத்தூர்ல இருக்கிறேன். ஏரியில தண்ணியே கெடையாது இப்போ."

அதற்குள் அந்தப் பக்கம் வேறொரு குரல் கேட்டது, தெலுங்கில். "போன் பக்கன பெட்டவய்யா." போனைக் கீழே வை என்று. டிராஃபிக் போலீஸ்காரர். வைக்கச் சொல்வதற்கு முன்பே அவர் படம் எடுத்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வேன் ஓனருக்கு வந்து சேர்ந்தது. காதில் போனோடு என் வீட்டுக்காரர், வாய் திறந்தபடி. ஏரியில் தண்ணி இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாய். ஓனர் கூப்பிட்டு, "இங்கோசாரி இலா அய்தே தாளம் இச்சேசி வெள்ளிப்போ" என்றாராம். இன்னொரு தடவை இப்படி ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று.

அன்றைக்கு இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பேசி என்ன, யோசனை என்னுடையதுதான். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"பேசினாத்தானே தப்பு" என்றேன். "நீங்க பேச வாணாம். ரிங் மட்டும் விடுங்க. ஒரே ஒரு ரிங். விட்டுட்டு கட் பண்ணிடுங்க. நான் புரிஞ்சிக்கிறேன்."

"அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

மெயின் ரோடு ஏறியதும் ஒரு ரிங். புத்தூர் தாண்டியதும் ஒரு ரிங். டோல்கேட்டுக்கு ஒரு ரிங். ரேணிகுண்டா போய் வண்டி நின்றதும் ஒரு ரிங். சாயங்காலம் இதே நாலும் தலைகீழாக. எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான், பால் வண்டி வந்தால் ஒரு ரிங், மாட்டுக்கு ஊசி போடுகிறவர் வந்தால் இரண்டு ரிங். எடுக்காத போனுக்குத்தான் எங்களிடம் மதிப்பு அதிகம். ஒன்றரை வருஷம் ஓடியது. நானும் கொஞ்சம் தேறினேன் என்றே சொல்லலாம். டோல்கேட் ரிங்தான் எனக்கு முக்கியம், லாரிகள் எல்லாம் நெருக்கிக்கொண்டு வருகிற இடம். ரிங் வந்ததும் அடுப்படிச் சுவரைப் பார்த்து ஒரு மூச்சு விடுவேன். அவர் எப்படி விடுகிறார் என்று நினைத்தே பார்த்ததில்லை. ரிங் எங்கிருந்தோ தானாக வருகிற மாதிரி இருந்தது, மணி அடிக்கிற மாதிரி.

அப்புறம் எனக்குத் தலை சுற்றல் வந்தது. திருப்பதியில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். ஒரு பெண் லீவ் போட்டதில் வேனில் ஒரு சீட் காலியாக இருந்தது. "ரேணிகுண்டா வரைக்கும் வா, அங்கிருந்து பஸ் புடிச்சிக்கோ" என்றார்.

இவ்வளவு வருஷத்தில் அவர் ஓட்டி அந்த வேனில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். பை மடியில். பெண்கள் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அக்கா, இன்னைக்கு யாருக்கு போன் பண்ணுவ?"

"அக்காவே வந்துட்டாங்கடி, நேர்ல செக் பண்றதுக்கு."

"அண்ணா, இன்னைக்கு ஒழுங்கா ஓட்டு."

நானும் சிரித்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அவர் பின்னந்தலை எனக்கு நேரே தெரிந்தது. எங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டியதே இல்லை. மெயின் ரோடு ஏறினோம், அங்கே ரிங் வந்திருந்தாலும் பெண்கள் போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. புத்தூர் வந்தது, தாண்டினோம். அப்போது மடியில் பைக்குள் என் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

எடுத்துப் பார்த்தேன். அவர் நம்பர்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்துகிறார்.

எதிர்வீட்டுப் பெண் முன்சீட்டிலிருந்து திரும்பி, "அண்ணா, அக்கா பின்னாலயே குந்திகினு இருக்குது. யாருக்கு ரிங் விடுற?" என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். "கைப் பழக்கம்மா. புத்தூரு தாண்டுச்சின்னா கை தானா போவுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை குனிந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் போன். அதில் பச்சைக் குறியைத் தொட வேண்டும், அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு ரிங் ஆனதும் சிவப்புக் குறியைத் தொட வேண்டும். தொடுகிற இடம் தவறினால் மறுபடி தொட வேண்டும். இவ்வளவும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு செய்ய முடியாது. நான் அடுப்படியில் மூச்சு விடுவதற்காக அவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை இப்படிக் குனிந்திருக்கிறார். வண்டி நின்ற பிறகு விடுகிற இரண்டைக் கழித்து ஆறு. ஒன்றரை வருஷமாக, பதினாலு பெண்களை வைத்துக்கொண்டு.

எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஓடுகிற வண்டியில் டிரைவரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரே என்று பயந்தேன். அவர்தான் சிரித்தாரே, இனிமேல் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வடமாலப்பேட்டை வந்ததும் நிற்கச் சொல்லிச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். வடமாலப்பேட்டையில் நிற்கவில்லை, அங்கே ஏறுகிற பெண்தான் லீவ், அவள் சீட்டில்தான் நான் இருந்தேன். பையின் வாரை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டோல்கேட்டுக்கு முன்னால் ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்து ரோட்டை மூடி எல்லா வண்டியையும் இன்னொரு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். வேன் அந்தத் திருப்பத்தில் நுழைந்தது.

என் போன் மடியில் அடித்தது.

நான் போனைப் பார்க்கவில்லை. அவர் தலையைப் பார்த்தேன். குனிந்திருந்தது. அந்தத் தலைக்கு அப்பால், கண்ணாடி முழுக்கப் பச்சையாக இருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரமாக நிற்காமல் பாதி ரோட்டில் நின்றிருந்தது. டிராக்டர்காரர் கீழே இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் முதுகு.

கத்தினேனா என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் போனோம். டிபன் பாக்ஸ்கள் சீட்டுக்கு அடியில் உருண்டு ஓடின. வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கரும்புத் தோகை கண்ணாடியில் சரசரவென்று உரசுகிற தூரத்தில் நின்றது. டிராக்டர்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். அவருக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம். ஒரு ஆள்தான்.

என் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், கட் பண்ணக் கை இல்லை. ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த ரிங் ஒன்றோடு நிற்காமல் முழுசாக அடித்தது. எனக்கும் கை வரவில்லை. பதினைந்து பேரும் உட்கார்ந்து அதைக் கேட்டோம்.

எதிர்வீட்டுப் பெண் முன்னால் இடித்துக்கொண்டு நெற்றியைப் பிடித்திருந்தாள். விரல்களுக்கு நடுவில் வீங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. திரும்பாமலே சொன்னாள்: "எடு அக்கா. அண்ணன் இன்னா சொல்றாரோ கேளு."

திருப்பதியில் ரத்தம் எடுத்த நர்ஸம்மா பிபியும் பார்த்தார்கள். "எதுக்கும்மா இவ்வளவு டென்ஷன்? வூட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்து கை கால் கழுவாமலே வாசல்படியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

"நீ பயப்படுவியேன்னு தாம்மே" என்றார்.

"நான் பயந்தா பயந்துகினு கெடக்கிறேன். அதுக்கு வண்டியில இருக்கிறவங்க இன்னா பண்ணுவாங்க."

"ரிங் வரலன்னா நீ துன்ன மாட்ட."

"துன்னாம இருந்து யாரும் ரோட்ல அடிபடல."

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தன்னுடையதுதானா என்கிற மாதிரி.

மறுநாளிலிருந்து வேன் கிளம்பும்போதே அவர் போன் எதிர்வீட்டுப் பெண்ணின் சாப்பாட்டுப் பைக்குள் போனது. சத்தம் வராமல் வைத்து, டிபன் பாக்ஸுக்கு அடியில். ரேணிகுண்டாவில் இன்ஜினை நிறுத்திய பிறகுதான் திரும்பக் கொடுப்பாள். அங்கிருந்து ஒரே ஒரு போன். ஸ்டாண்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் போட்டார்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நாளே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவர் போனுக்குத்தானே போடக்கூடாது என்று என் புத்தி வேலை செய்தது. அவள் நல்ல மாதிரியாகவே சொன்னாள்: "எனக்குப் போன் வந்தா அண்ணன் ரோட்ட வுட்டுட்டு என் மூஞ்சியப் பாக்குறாரு. அவளா, இன்னா சொல்றா, இன்னா சொல்றான்னு. வாணாம் அக்கா. ஏற்கெனவே ஒரு தபா இடிச்சிகினு இருக்கிறேன்." நெற்றி வீக்கம் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணுக்கு மேலே இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கும் போன் போடவில்லை.

ஏழே காலிலிருந்து எட்டரை வரை. ஒன்றே கால் மணி நேரம். கழுவின பாத்திரத்தைக் கழுவினேன். தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பினேன். கேஸை மூடிவிட்டு மூடினேனா என்று பார்த்தேன். மெயின் ரோடு ஏறியிருக்கும், புத்தூர் தாண்டியிருக்கும் என்று மனசே ரிங் விட்டுக்கொண்டது. டோல்கேட் நேரத்துக்கு மட்டும் அந்தப் பச்சை கண்ணுக்குள் வந்து நிற்கும். கையில் போன் இருந்தால் விரல் போகிறது என்று, கடைசியில் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்தேன். அவருக்குக் கைப் பழக்கம் என்றால் எனக்கும் அதுதான்.

அப்படியே மழைக்காலம் வந்தது. ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே விடாத மழை. வேன் போய்விட்டது. எட்டரைக்கு டிரம்மைத் திறந்து பார்த்தேன். போன் வரவில்லை. எட்டே முக்கால், இல்லை. ஒன்பது, இல்லை. மழையில் மெதுவாகப் போவார் என்று சொல்லிக்கொண்டேன். ரோட்டு வேலைக் குழியில் தண்ணி நின்றால் தெரியாதே என்றும் சொல்லிக்கொண்டேன். ஒன்பதரைக்கு போனைக் கையில் எடுத்து அவர் நம்பர் வரைக்கும் போனேன். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. அவர் போன் சத்தமில்லாமல் பையில் இருக்கிறது, போட்டாலும் தெரியாது, ஒரு தடவை போட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு தடவை போட்டால் நாளைக்கு இரண்டு தடவை. திரும்ப அரிசிக்குள் புதைத்து, மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். வைத்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பது ஐம்பதுக்கு டிரம்முக்குள் அடித்தது. குழவியை இறக்கி, மூடியைத் திறந்து, எடுத்துக் காதில் வைத்தபோது அரிசி காதுக்குள்ளேயே விழுந்தது.

"இன்னாம்மே, ஒடம்பு சரியில்லியா?"

அவர் குரல். பின்னால் இன்ஜின் சத்தமே இல்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும்.

"எனக்கு இன்னா? நீங்க எங்க இருக்கிறீங்க?"

"வடமாலப்பேட்டைக்கு இந்தாண்ட. ரோட்ல தண்ணி, ரெண்டு மணி நேரமா ஊந்துகினு இருந்தோம். இப்பதான் வுட்டாங்க. இவ்வளவு நேரம் ஆச்சே, நீ ஒரு போன் கூட பண்ணலியேன்னு பையில இருந்து எடுத்துப் பார்த்தேன். ஒண்ணு கூட இல்ல. எனக்கு பக்குனு ஆயிடிச்சி. ஓரமா நிறுத்திட்டுதான் பேசுறேன்."

அதற்குள் எதிர்வீட்டுப் பெண்ணின் குரல் குறுக்கே வந்தது. "அக்கா உசிரோடதான் இருக்குது அண்ணா, கேட்டுட்ட இல்ல. வண்டிய எடு. எங்க எல்லாருக்கும் பன்ச் டைம் போயிடிச்சி." இன்னொருத்தி, "இவ்வளவு நாளா அக்கா பைத்தியம், இப்ப அண்ணன் பைத்தியம்" என்றாள். வேன் சிரித்தது.

"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

"துன்னுக்கிறேன். போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தீங்களா?"

"எப்படிம்மே குடுக்கறது, பேசிகினு இருக்கிறேனே."

"அப்ப குடுங்க."

கட் ஆனது. அதற்கப்புறம்தான் அங்கே இன்ஜின் கிளம்பியிருக்கும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. போனைத் துடைத்து டிரம்முக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போன சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு மணியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அங்கிருந்து ரேணிகுண்டாவுக்கு, இந்த மழையில், இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும்.